சிவப்புத் தொப்பி போட்ட நீர்யானை

தோர்சிலா அபொண்டியின் வகுப்பிலிருந்த ஒரே படப் புத்தகத்தை ஒரு வெள்ளாடு தின்றுவிட்டது. காலை பத்து மணி இருக்கும், படகுகள் கரைக்குத் திரும்பும் நேரம். ஆள் உயரத்துக்கு ஒரு மீன் வந்திருக்கிறது என்று வெளியே யாரோ கத்தவும், முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் வாசல் வழியாகப் பாதி, சன்னல் வழியாகப் பாதி என்று ஏரியைப் பார்த்து ஓடிவிட்டார்கள். தோர்சிலாவும் பின்னாலேயே ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால் பாயின் மேல் அட்டை மட்டும் கிடந்தது. ஆடு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியர் வஸோங்காவுக்கு விஷயம் போயிற்று. அவர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

"பிள்ளைங்கள பிடிக்க ஓடினீங்களா, மீன பாக்க ஓடினீங்களா?"

"ரெண்டுக்கும்தான் சார்."

"அது அரசாங்கப் புத்தகம், தெரியுமா?"

"எனக்குத் தெரியும் சார். ஆட்டுக்கு யாரு சொல்றது?"

பிள்ளைகள் ஒருவர்கூட அழவில்லை என்பதைத் தோர்சிலா கவனித்தாள். அந்தப் புத்தகத்தில் ஒரு வெள்ளைக் கரடி, இரவு உடை அணிந்து, தன் அறையை ஒழுங்காக அடுக்கி வைக்கும். 'அவரவர் அறையை அவரவர் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும்' என்பது கடைசிப் பக்கத்துப் பாடம். கிரிண்டோ என்ற இந்த ஏரிக்கரை ஊரில் ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் பிள்ளைகளுக்கு அது எதுவும் விளங்கவில்லை. கரடியை வெளுத்துப்போன நீர்யானை என்றே நினைத்திருந்தார்கள். ஆனால் ஆடு புத்தகம் தின்ற கதையை மட்டும் அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்கள். ஒருத்தி சொன்னதில் ஆடு கரடியை மட்டும் தின்றது. இன்னொருவன் சொன்னதில் ஆடு எழுத்தையெல்லாம் தின்றுவிட்டு ஏப்பம் விட்டபோது 'அ, ஆ' என்று சத்தம் வந்தது.

தோர்சிலாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அவள் படித்துப் பட்டம் வாங்கிய ஆசிரியை இல்லை. ஏரிக்கு அக்கரையில் அசெம்போவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் ஊரில் அவளுக்கு அசெம்போக்காரி என்றுதான் பெயர். கணவன் ஒகின்யி படகுகளுக்கு ஓட்டை அடைப்பவன். இவளிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. ஊரில் சோபா வைத்திருக்கிற வீட்டுக்காரிகளுக்கெல்லாம் மயிலும் அன்னமும் தைத்த விரிப்புகள் செய்து கொடுப்பாள். தேவாலயத்தின் பின்கட்டில் நடந்த பாலர் வகுப்பின் ஆசிரியை கல்யாணமாகிப் போய்விட்டாள். "ரெண்டே ரெண்டு வாரம், வேற ஆளு வர்ற வரைக்கும்" என்று வஸோங்கா இவளைக் கூப்பிட்டார். வேற ஆளு இன்றுவரை வரவில்லை. இருபத்தாறு வருஷமாகிறது.

ஆடு தின்ற அன்று சாயங்காலம் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஆடு தின்னாத, அழுக்கானால் ஏரியில் துவைக்கக்கூடிய புத்தகம் வேண்டும். யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராத சோபா விரிப்பை எட்டுத் துண்டாக வெட்டினாள். வெட்டுத்துணியில் ஆட்டின் உருவத்தைக் கத்தரித்து ஒட்டிச் சுற்றி ஓரம் அடித்தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே ஒரே ஒரு வரி, ஊர் பேசும் லுவோ மொழியிலேயே, கறுப்பு நூலில். முதுகை மட்டும் ஒகின்யி வலை பின்னும் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தான்.

"புத்தகம் தின்ன ஆடு" என்பது அதன் பெயர். ஆடு புத்தகத்தைத் தின்கிறது. மறுநாளிலிருந்து அதற்குப் பேச்சு வந்துவிடுகிறது. பேச்சு வந்ததும் அது செய்த திருட்டையெல்லாம் அதன் வாயே வெளியே சொல்லிவிடுகிறது. 'மற்றவர் பொருளைத் தொடாதே' என்பது தோர்சிலா நினைத்த பாடம். பிள்ளைகள் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. மூன்றாம் நாள் பார்த்தால் புத்தகத்தின் இரண்டு மூலைகள் சப்பிச் சப்பி நைந்திருந்தன.

"யாரு இத கடிச்சது?"

"நான்தான் டீச்சர்" என்றாள் ஒரு சின்னப்பெண். "எனக்கு இங்கிலீஷ் பேச்சு வரணும்."

அடுத்தது கினிக்கோழிக் கதை. கிடைத்த தானியத்தையெல்லாம் எல்லோருக்கும் பங்கு வைக்கும் கினிக்கோழி. இந்தப் பாடம் பிள்ளைகளுக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்தது. தேவைக்கு மேலேயே போய்ச் சேர்ந்தது. அந்த வாரம் நாலு தாய்மார்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றார்கள்.

"ஏண்டி அசெம்போக்காரி, பாயில காயப்போட்ட ஓமெனா மீனு முழுக்க அள்ளிட்டு வந்து ஊருக்கே பங்கு போட்டுட்டான் என் புள்ள. கேட்டா, 'கினிக்கோழி மாதிரி இரும்மா'ங்கறான்! ராத்திரி உகாலிக் களிக்குத் தொட்டுக்க உன் கினிக்கோழியவா அறுக்கறது?"

தோர்சிலா மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று வயிறு குலுங்கச் சிரித்தாள். சொன்ன பாடம் பிள்ளைகள் கையில் போனதும் வேறு எதுவோ ஆகிவிடுகிறது என்பது அவளுக்குப் பயமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. ஆனால் அவளையே அப்படி ஒரு பாடம் பிடித்துக்கொள்ளும் என்று அவள் நினைக்கவில்லை.

மூன்றாவது புத்தகம் நீர்யானைக் கதை. ஏரிக்கரையில் ஒரு முயல் கீரைத் தோட்டம் போடுகிறது. தினமும் இருட்டுகிற நேரத்தில் நீர்யானை ஏறி வந்து தின்றுவிட்டுப் போகிறது. கேட்டால், "நான் பெரியவன். பெரியவனுக்குத்தான் முதல் பந்தி" என்கிறது. கடைசியில் சேற்றில் மாட்டிக்கொள்கிறது. அது திட்டிய சின்னப் பிராணிகளே கயிறு கட்டி இழுத்துக் காப்பாற்றுகின்றன. நீர்யானை வெட்கப்பட்டுத் தலைகுனிகிறது.

நீர்யானையை வெட்ட ஒகின்யியின் பழைய சாம்பல் நிறக் கால்சட்டை கிடைத்தது. வெட்டி முடித்த பிறகுதான் நீர்யானையின் உச்சந்தலையில் ஒரு ஓட்டை இருப்பதைப் பார்த்தாள். கையில் இருந்தது சிவப்புத் துண்டு ஒன்றுதான். அதை வட்டமாக வெட்டி ஓட்டையை மூடினாள். தூரத்தில் பிடித்துப் பார்த்தால் நீர்யானை தொப்பி போட்டது போல இருந்தது. நல்லாத்தானே இருக்கு என்று விட்டுவிட்டாள்.

கிரிண்டோ கரையில் சிவப்புத் தொப்பி போடுகிறவர் ஒரே ஒருவர்தான். கரைத் தலைவர் நிக்கனோர் ஒபுயா. எந்த வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் கழற்ற மாட்டார். வயிறு அவருக்கு அரை நிமிஷம் முன்னால் நடந்து வரும். மீன் எடை போடும் இடத்தில், எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், முதலில் அவர் மீன்தான் தராசில் ஏறும். பிள்ளைகளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாள் அவர் கரையில் நடந்தபோது, கவிழ்த்துப் போட்ட படகுகளுக்குப் பின்னாலிருந்து பாட்டு கிளம்பியது.

"ராவோ வந்தாச்சு, ராவோ வந்தாச்சு, முதல் பந்தி போடுங்க!"

ராவோ என்றால் நீர்யானை. முதல் நாள் அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் நாள் எடை போடும் பெண்கள் மேல்துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் எவளோ ஒருத்தி விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள்.

நிக்கனோர் நேராகப் பாலர் வகுப்புக்கு வந்தார். வாசல் அடைத்துக்கொண்டது. வகுப்பு இருண்டது.

"எங்க அந்தப் புத்தகம்?"

"உக்காருங்க தலைவரே."

"உக்கார வரல. என்னை நீர்யானைன்னு துணியில தச்சு, ஊர்ப் புள்ளைங்க வாயில போட்டுட்டியாமே? ஊர்ப் பெரிய சபையில வச்சுக் கேக்கப்போறேன். ஆமான்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு."

"இல்லை தலைவரே. படிச்சுப் பாத்துட்டுக் கோவப்படுங்க." அவள் புத்தகத்தை நீட்டினாள்.

நிக்கனோர் வாங்கினார். சட்டைப்பையைத் தடவினார். "கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்றார். அவருக்குக் கண்ணாடி எப்போதுமே இருந்ததில்லை. எழுத்து அவருக்குத் தெரியாது என்பது ஊருக்குத் தெரியும். தோர்சிலா தரையைப் பார்த்துக்கொண்டாள்.

பாயின் நடுவிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தது. அடோயோ. அவருடைய கடைசி மகள், ஆறு வயது. "அப்பா, நான் படிச்சுக் காட்டவா?"

அவருக்கு வேறு வழியில்லை. குட்டி பெஞ்சில் மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது. அடோயோ அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். முதல் பக்கத்தில் முயல். இரண்டாம் பக்கத்தில் கீரைத் தோட்டம். மூன்றாம் பக்கத்தில் சிவப்புத் தொப்பியோடு அந்த நீர்யானை, தண்ணீரிலிருந்து ஏறி வந்தது.

"நில்லு" என்றார் நிக்கனோர். "இந்தத் தோட்டம் எங்க இருக்கு?"

"ஏரிக்கரையில அப்பா."

"எத்தன கிட்ட? காட்டு."

அடோயோ பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நீல நூல் தண்ணீருக்கும் பச்சைத் துணிக் கீரைக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி.

நிக்கனோர் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். "அப்போ அது நீர்யானை ஏறிப்போற தடம்! அந்தத் தடத்துல எவன் கீரை போட்டான்?"

"முயலு!" என்றன முப்பது குரல்கள்.

"அந்த முயலுக்குப் புத்தி எங்க போச்சு? நீர்யானை அப்பன் பாட்டன் காலத்துலேர்ந்து ஒரே தடத்துலதான் போகும், ஒரே தடத்துலதான் வரும். நீ அது வாசல்ல சோத்த வச்சுட்டு, தின்னுட்டான் தின்னுட்டான்னு கத்துனா?" அவர் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினார். கோபத்தில் வந்த ஆள் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. "எங்கப்பா படக ஒரு நீர்யானை கவுத்துச்சு. நான் உங்க அளவு இருப்பேன், கரையில நின்னு பாத்துட்டு இருந்தேன். அவரு கால் ஒடிஞ்சு, நீந்தி வந்து சேந்தாரு. ஊரே ஈட்டிய எடுத்துச்சு. எங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'வேண்டாம். குட்டி போட்ட வீட்டுக்குள்ள கதவத் தட்டாம நான்தான் போனேன்'னாரு."

வகுப்பில் ஒரே இரைச்சல். நீர்யானை பக்கம் பாதிப் பேர், முயல் பக்கம் பாதிப் பேர். "ஆனா அது முதல் பந்தின்னு திமிராப் பேசுச்சு!" "பசிச்சா நீகூடத்தான் திமிராப் பேசுவ!" "முயலுக்குத் தண்ணி கிட்ட இருந்தாத்தானே ஊத்த முடியும்?" இத்தனை நேரம் சன்னலோரம் வாயைத் திறக்காதிருந்த ஒரு பெண் பிள்ளை எழுந்து, "டீச்சர், நீர்யானைய யாருமே ஒரு வார்த்த கேக்கலியே" என்றது.

தோர்சிலா ஒரு அடி முன்னால் வந்தாள். "தலைவரே, ஒரு உண்மைய சொல்லிடறேன். உங்கள நெனச்சு இத நான் தைக்கல. அந்தத் தொப்பி வெறும் ஒட்டு, துணியில இருந்த ஓட்டைய மறைக்கப் போட்டது. போன வருஷம் என் கீரைத் தோட்டத்த ஒரே ராத்திரியில தின்னுட்டுப் போன நீர்யானை மேல இருந்த கடுப்புலதான் தச்சேன்."

நிக்கனோர் கண்ணைச் சுருக்கினார். "உன் தோட்டம் எங்க இருந்துச்சு?"

அவள் புத்தகத்தை வாங்கி மூடப் பார்த்தாள்.

"எங்க டீச்சர்?" என்றாள் அடோயோ.

"...ஏரிக்கரையில."

அன்றைக்கு எழுந்த சிரிப்பில், பக்கத்துக் கட்டடத்தில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த வஸோங்கா சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கரைத் தலைவர் பெஞ்சில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோர்சிலா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு பிள்ளைகளை விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிக்கனோர் சபையில் வைத்துக் கேட்கவில்லை. ஆனால் சும்மாவும் விடவில்லை. புத்தகத்துக்கு இன்னும் ஆறு பக்கம் வேண்டும் என்றார். மீன் வேலை முடிந்த பிற்பகல்களில் தேவாலய மரத்தடியில் வந்து உட்கார்ந்து, கதையைச் சொல்லிக்கொண்டே போவார். தோர்சிலா மெஷினை வெளியே இழுத்துப் போட்டுத் தைப்பாள்.

"நீர்யானை சொல்லுது, 'ஏம்மா முயலே, நான் உன் வீட்டுக் கதவுக்கு முன்னால படுத்துக்கிட்டா நீ சும்மா இருப்பியா?' எழுதிட்டியா?"

"தச்சுட்டு இருக்கேன் தலைவரே. நூலு உங்க வாய் வேகத்துக்கு ஓடாது."

"சரி சரி. அந்த நீர்யானைக்கு இன்னும் கொஞ்சம் வயிறு வை. பட்டினி கெடந்தவன் மாதிரி இருக்கான்."

புதிய முடிவில் முயல் தோட்டத்தை மேட்டுக்கு மாற்றிச் சுற்றிலும் முள்வேலி போடுகிறது. தண்ணீர் ஊற்ற நீர்யானை உதவுமா, உதவாதா என்பதில் இருவருக்கும் ஒரு வாரம் சண்டை. நீர்யானை அதெல்லாம் செய்யாது, பொய் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்றார் நிக்கனோர். அவர் சொன்னதே நின்றது. முயல் குடத்தைச் சுமந்துகொண்டு மேடேறுகிறது. நீர்யானை அதன் பாட்டுக்குத் தன் தடத்தில் போகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டுகின்றன. அவ்வளவுதான்.

தோர்சிலாவும் அந்த மழைக்காலத்துக்குள் தன் கீரைத் தோட்டத்தைத் தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டுக்கு மாற்றிவிட்டாள். மாற்றாவிட்டால் முப்பத்தெட்டுப் பேர் விட்டிருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு போய்ப் பிள்ளைகள் நச்சரித்ததில் இன்னும் மூன்று பெண்கள் மாற்றினார்கள். மற்றவர்கள், "துணிப் பொம்மை பேச்சைக் கேட்டு எவ குடம் தூக்குவா?" என்றார்கள். அவர்களுடைய கீரை அந்த வருஷமும் வழக்கம் போல நீர்யானைக்குப் போயிற்று, வழக்கம் போலத் திட்டினார்கள். நிக்கனோர் தராசில் தன் மீனை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைக்க ஆரம்பித்தார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஆனால் எழுத்துக் கற்றுக்கொண்டார். அடோயோவிடம்தான் கற்றுக்கொண்டார். வாசலில் அப்பனும் மகளும் துணிப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, யார் முதலில் படிப்பது என்று சண்டை போடுவதை அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

சில வருஷம் கழித்து ஹோமா பே நகரத்திலிருந்து கல்வி அதிகாரி ஒருத்தி பார்வையிட வந்தாள். மெர்சலின் என்று பெயர், கடுகடுப்பான ஆள். துணிப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாருக்கு. பாடம் எங்க? கடைசிப் பக்கத்துல பாடம் எழுதணும்னு விதி இருக்கே" என்றாள்.

"அது இன்னும் முடிவாகல மேடம்" என்றாள் தோர்சிலா.

"எப்போ முடிவாகும்?"

தோர்சிலா நீர்யானைப் புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "தப்பு யாரு மேல?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் ஒதுங்கி நின்றுகொண்டாள். அரை மணி நேரம் போயிற்று. மெர்சலின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பேனாவை மூடினாள், பிறகு தாங்க முடியாமல், "இல்ல, நான் என்ன சொல்றேன்னா, முயலும் கஷ்டப்பட்டுத்தானே நட்டுச்சு?" என்று சண்டைக்குள் இறங்கிவிட்டாள். அறிக்கையில் என்ன எழுதினாள் என்று தெரியாது. போகும்போது கினிக்கோழிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அந்த வருஷக் கடைசியில் வேறு கரைகளிலிருந்து ஆசிரியைகள் எட்டுப் பேர், ஆளுக்கொரு பை வெட்டுத்துணியோடு, தோர்சிலாவிடம் தைக்கக் கற்றுக்கொள்ள வந்தார்கள்.

நைரோபியிலிருந்து ஒரு பதிப்பகத்தார் அச்சில் போடுவதாகச் சொல்லி மாதிரிப் பிரதி அனுப்பினார்கள். பளபளவென்று காகிதம், நீல நிறத்தில் சிரிக்கிற நீர்யானை. நிக்கனோர் அதைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"தொப்பி எங்க?"

"அவங்களுக்கு அது தேவையில்லன்னு தோணிருக்கு தலைவரே."

"தேவையில்லையா? அப்போ இது யாரு?" என்று படத்தைத் தட்டினார். "எழுது. தொப்பி போட்டாத்தான் ஒத்துக்குவோம்னு எழுது."

எழுதினாள். தொப்பியோடுதான் அச்சாயிற்று. அட்டையில் இரண்டு பெயர்கள்: தோர்சிலா அபொண்டி, நிக்கனோர் ஒபுயா. தன் பெயரை அவர் விரலால் தடவிப் பார்த்த அன்று, "மசி கையில ஒட்டல" என்று மட்டும் சொன்னார். நாலு வருஷம் முன்பு அவர் இறந்தபோது அடக்கத்துக்கு ஏரியின் இரு கரைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பாதிரியார் பேசி முடித்ததும், பாலர் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று அந்தக் கதையைச் சொன்னார்கள். அழ வந்த கூட்டம் சிரித்துவிட்டுப் போயிற்று. அடோயோ இப்போது கிசுமுவில் ஒரு துணிக்கடையில் இருக்கிறாள். மாதம் ஒரு முறை பேருந்தில் வெட்டுத்துணி மூட்டை வந்து சேரும். உள்ளே ஒரு சீட்டு இருக்கும். 'பச்சை நிறைய வச்சிருக்கேன், அடுத்தது என்ன பிராணி?'

அடுத்தது முதலை. ஐம்பத்தேழு வயதில் தோர்சிலா ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். கதையைக் கடைசிக்கு முந்தின பக்கம் வரை தைத்து வகுப்புக்குக் கொண்டு போவாள். மீதியைப் பிள்ளைகள் முடிவு செய்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பாள். சில புத்தகம் ஒரு நாளில் முடியும். முதலைக் கதை மூன்றாவது வாரமாக இழுக்கிறது. முதலை முட்டையை உடும்பு திருடிவிட்டது. திருடிய உடும்புக்கும் வீட்டில் குஞ்சுகள் பசியோடு இருக்கின்றன.

போன செவ்வாய்க்கிழமை சண்டை உச்சத்தில் இருந்தபோது, அவள் மெதுவாக எழுந்து வெளியே வந்து, ஆசிரியர் அறையில் தேநீர் ஊற்றிக்கொண்டாள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த தலைமையாசிரியர் திடுக்கிட்டுப் போனார்.

"என்ன டீச்சர், இங்க இருக்கீங்க? வகுப்ப யாரு பாத்துக்கறாங்க?"

"முதலை பாத்துக்குது சார்" என்றாள் தோர்சிலா. தேநீரோடு எடுத்த மந்தாஸிப் பணியாரத்தில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள்.